பாதை அடைபடும் நாட்களில் மறதி நோயுள்ள தாயைப் பார்த்துக்கொள்வது எப்படி?

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய தாய்க்கு வயது 76. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஆஸ்பத்திரியில் அல்சைமர் என்று சொல்லியிருக்கிறார்கள். சென்ற மழையில் மண்சரிந்து பதினொரு நாட்கள் பாதை அடைபட்டிருந்தபோது, அதுவரை ஓரளவு அமைதியாக இருந்த அம்மா இரவில் தூங்காமல், மகளை யாரென்று தெரியாமல், விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைத் தட்டி வெளியே போக முயன்றிருக்கிறார். மாத்திரையும் தீர்ந்துபோனது. கணவரும் தம்பியும் கொழும்பில். இரண்டு நாட்கள் வேறு வழியின்றிக் காம்பராவை (வீட்டு அறையை) வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். "நான் செய்தது தவறா, அடுத்த மழைக்கு என்ன செய்வது, தம்பி சொல்வதுபோல் அம்மாவைக் கொழும்புக்கு அனுப்பிவிடலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

இருபது வருடங்களுக்கு மேல் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராக வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் மனநல மருத்துவன் அல்லன். மருந்தின் அளவைப் பற்றி நான் சொல்வதை விட உங்கள் கிளினிக் மருத்துவர் சொல்வதே சரி.

வெளியே இருப்பவர்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நினைக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் ஒன்றையொன்று ஒட்டியிருக்க, பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும் இடத்தில் எவர்தான் தனித்திருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். ஆனால் மறதி நோய் வந்த வீட்டை நான் பார்த்த அளவில், அந்த வீடு மழைக்கு முன்பே தனித்துப் போயிருக்கும். முதலில் "வயசாச்சு, பெனாத்துது" என்பார்கள். பிறகு யாரோ செய்வினை என்பார்கள். கோடாங்கி வந்து போவார். கடைசியில் அம்மா அடுத்த வீட்டில் போய் "என் காசை எடுத்துவிட்டார்கள்" என்று சொன்ன நாளிலிருந்து மகள் வெட்கப்பட்டு இஸ்தோப்புக் (முன் திண்ணை) கதவைச் சாத்திக்கொள்வார். மண்சரிவும் ஊரடங்கும் அந்தச் சாத்திய கதவுக்கு வெளியே இன்னொரு பூட்டைப் போடுகின்றன, அவ்வளவுதான். ஆகவே அடுத்த மழைக்கான ஆயத்தம் வானம் வெளுத்திருக்கும் இந்த நாட்களிலேயே, லயத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும்.

பாதை அடைபட்டால் இந்த நோயாளிகள் ஏன் அவ்வளவு விரைவாகத் தடுமாறுகிறார்கள் என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகும். அல்சைமர் நோயில் மூளையின் புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதி முதலில் பழுதாகிறது. இளவயதில் பதிந்தவை நெடுங்காலம் நிற்கும். இன்று காலை சொன்னது நிற்காது. அப்படிப்பட்டவருக்கு நாள் என்பது கடிகாரத்தில் இல்லை, சுற்றியிருக்கும் சத்தங்களிலும் மனிதர்களிலும் இருக்கிறது. பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் போடும் இடத்துக்கு) போகும் காலடிகள், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளின் அழுகை, மடுவத்திலிருந்து (கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலிருந்து) திரும்பும் பெண்களின் பேச்சு, மாலையில் கோயில் மணி ஆகியவைதான் அவருக்கு "இப்போது காலை, இப்போது மாலை" என்று சொல்லிக்கொண்டிருந்தன. பாதை அடைபட்டு இவை நின்றுவிட்டால், மழை இருட்டில் பகலும் இரவும் ஒன்றாகிவிடும். "மண்சரிவு அம்மா, வெளியே போக முடியாது" என்று நீங்கள் பத்துத் தடவை விளக்கினாலும் பத்தும் அவருக்கு முதல் தடவைதான்.

எனவே விளக்கம் சொல்வதில் உங்கள் பலத்தைச் செலவழிக்காமல், அந்த அடையாளங்களை வீட்டுக்குள் நீங்களே உண்டாக்குங்கள். ஒரே நேரத்தில் எழுப்புதல், முகம் கழுவித் தலைவாரி உடை மாற்றுதல், ஒரே கோப்பையில் தேத்தண்ணி, முற்பகலில் ஒரு வேலை, மாலையில் விளக்கு என்ற ஒழுங்கு போதும். வேலை என்றால் பொழுதுபோக்கு அல்ல. நாற்பது வருடம் கொழுந்து பறித்த கைக்குச் சும்மா இருப்பதுதான் வேதனை. அரிசியில் கல் பொறுக்குவது, கீரை ஆய்வது, வெங்காயத் தோல் உரிப்பது, சாக்குகளை மடித்து அடுக்குவது எல்லாம் அவரால் இன்னும் முடியும். மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு பேத்தி தன் அப்பாயியின் மடியில் ஒரு கூடையையும் தேயிலைக் கிளைகளையும் வைத்துவிட்டுப் பாடம் படிப்பாள். அப்பாயி இரண்டிலையும் மொட்டுமாகத் துல்லியமாகக் கிள்ளிக்கொண்டிருப்பார். செய்த வேலை சரியில்லை என்று அவர் கண்முன்னே திருத்திச் செய்யாதீர்கள்.

மாலை நான்கு, ஐந்து மணிக்கு மேல் பலருக்குக் குழப்பம் கூடும். மலையில் மழைக்காலத்தில் அது இன்னும் முன்னதாகத் தொடங்கும், ஏனென்றால் மூடுபனி இறங்கினால் மூன்று மணிக்கே இருட்டுகிறது. இருட்டும் முன்னரே விளக்கைப் போடுங்கள். மின்சாரம் நின்றால் குப்பி விளக்கை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். மின்னேற்றும் விளக்கு ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்ல செலவு. சுவரில் அசையும் நிழலைக் கண்டு ஆள் நிற்கிறது என்று பயப்படுவதும் இந்த நேரத்தில்தான்.

விடியற்காலை நான்கு மணிக்கு வெளியே போக முயன்றதைக் குறித்து நீங்கள் மிகவும் பயந்திருக்கிறீர்கள். அதில் பைத்தியம் எதுவும் இல்லை. அவர் பிரட்டுக்குப் போகிறார். வாழ்நாளெல்லாம் எழுந்த நேரத்துக்கு எழுந்திருக்கிறார். "நீங்கள் ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷமாச்சு" என்று சொன்னால் அது அவருக்கு விளங்காத குற்றச்சாட்டு. "இன்றைக்கு மழை, பேர் போடவில்லையாம், தேத்தண்ணி குடிங்கம்மா" என்று சொன்னால் அவருக்குத் தெரிந்த உலகத்தின் பதில். இதைப் பொய் என்று சிலர் கண்டிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் உலகத்துக்கு வர முடியாதவரிடம் அவருடைய உலகத்தின் மொழியில் பேசுவது அது.

இதைவிடக் கடினமான ஒன்றையும் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: தன் தங்கை வந்துவிட்டாளா என்று அம்மா வாசலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று. நம் முதியவர்களிடம் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். 1964ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாகி, அதன்பின் குடும்பங்கள் பாதியாகப் பிரிந்து தலைமன்னாரில் கப்பலேறிய காலம் அவர்களுடைய இளமைக் காலம். நோய் அழிக்காமல் விட்டுவைக்கும் பகுதியும் அதுதான். தங்கை தமிழ்நாட்டில் இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் நீங்கள் சொன்னால், ஒவ்வொரு முறையும் அது புதிய மரணச் செய்தி. அழுது முடித்து மறந்துபோய் மறுபடியும் கேட்பார். அதற்குப் பதிலாகத் தங்கையைப் பற்றிக் கேளுங்கள்: அவருக்கு என்ன பிடிக்கும், இருவரும் எந்த மலையில் கொழுந்து பறிக்க நிரை பிடித்தார்கள், பெட்டியில் என்ன கொண்டு போனார் என்று. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தகவல் தேவை அல்ல, ஏக்கம். அதைப் பேச விட்டால் சற்று நேரத்தில் தணியும்.

பயமும் அப்படித்தான். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டபோது, எனக்குத் தெரிந்த ஒரு முதியவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் உணவை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் பிள்ளைகளை ஒளித்துவைக்கப் பார்த்தார். அவருக்கு அது கொவிட் அல்ல, 1983 இனக்கலவரம். ஆகவே செய்திகளை அவர் காதுபட நாள் முழுவதும் ஓடவிடாதீர்கள். வானொலியில் பழைய பாட்டும் பக்திப் பாட்டும் போதும். சத்தம் போட்டுக் கதவைத் தட்ட வேண்டாம் என்று லயத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இனிப் பூட்டியதைப் பற்றி. உங்களைக் குற்றஞ்சாட்ட எனக்குத் தகுதி இல்லை, ஏனென்றால் அதே 2020இல் ஒரு குடும்பத்துக்குப் "பகலில் பூட்டிவிட்டுப் போங்கள், வேறு என்ன செய்வது" என்று சொன்னவன் நான். நாடே முடங்கியிருந்தாலும் தோட்டத்தில் வேலை நடந்தது. பஸ்ஸும் கடையும் கிளினிக்கும் இல்லை, ஆனால் கொழுந்து மட்டும் பறிக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுத் தாத்தா ஜன்னல் கண்ணாடியைக் கையால் உடைத்து வெளியே வந்தார். பதினாறு தையல். அடுப்பில் நெருப்பு மிச்சமிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பேன். உள்ளே தனியாக இருக்கும்போது வெளியே பூட்டக்கூடாது. இதில் விலக்கு எதுவும் இல்லை.

நீங்கள் வீட்டில் இருக்கும்போது, குறிப்பாக இரவில், கதவை எளிதில் திறக்காதபடி செய்வது வேறு. தாழ்ப்பாளை வழக்கமான இடத்தை விட்டு மேலேயோ அடியிலேயோ பொருத்தினால் பலர் அதைத் தேடமாட்டார்கள். கதவின் மேல் சுவரின் நிறத்திலேயே ஒரு திரையைத் தொங்கவிட்டால் அது கதவாகத் தோன்றாது. கதவில் பழைய கொலுசோ சலங்கையோ கட்டுங்கள். அசைந்தால் நீங்கள் விழிப்பீர்கள். பெயர், தோட்டம், பிரிவு, லயத்து இலக்கம், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி அவருடைய கம்பளிச் சட்டையின் உட்பக்கம் தைத்துவிடுங்கள். அண்மைக்காலப் படம் ஒன்று உங்கள் கைபேசியில் இருக்கட்டும். ஒருவேளை காணாமல் போனால் முதலில் காண்களையும் (வடிகால்களையும்) படிக்கட்டுகளையும் பாருங்கள். அடுத்து அவர் பல வருடம் வேலை செய்த மலை, பழைய மடுவம், பிறந்த லயம், கோயில் என்று அவருடைய பழைய பாதையில் தேடுங்கள். தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று பொலிஸின் 119ஐ அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மலைக் குளிரில் நனைந்த முதியவருக்கு ஓர் இரவு மிக நீண்டது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட முக்கியமான வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியது: "மழையில் கக்கூஸுக்குக் கூட்டிப்போக முடியாததால் தண்ணீர் குறைவாகத்தான் கொடுத்தேன்." நம் லயங்களில் மலசலகூடம் வெளியே இருப்பதால் அநேகமாக எல்லா வீடுகளிலும் இதைச் செய்கிறார்கள். முதியவர் உடல் வறண்டால், மலச்சிக்கல் வந்தால், சிறுநீரில் கிருமி தொற்றினால், மூளை திடீரென்று குழம்பும். மறதி நோய் மாதக்கணக்கில் மெதுவாகக் கூடும். ஒன்றிரண்டு நாளில் ஆளே மாறிப்போய், சில நேரம் பிதற்றி, சில நேரம் அரைத்தூக்கமாகக் கிடந்தால் அது பெரும்பாலும் வேறு உடல்நோயின் அடையாளம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று இருக்கலாம். உங்கள் அம்மா அந்தப் பதினொரு நாட்களில் அவ்வளவு மோசமானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். பாதை திறந்து சில வாரங்களில் பெருமளவு பழைய நிலைக்கு வந்தார் என்று நீங்கள் எழுதியிருப்பதும் அதற்குப் பொருந்துகிறது. ஆகவே காம்பராவுக்குள் ஒரு மூலையில் திரை கட்டி, இருக்கை நடுவே துளையிட்ட நாற்காலியும் அதனடியில் மூடியுள்ள வாளியும் வையுங்கள். தச்சு தெரிந்த எவரும் பழைய நாற்காலியில் அதைச் செய்துவிடுவார். பிறகு பகலில் இரண்டு மணிக்கொரு முறை, தாகம் என்று அவர் கேட்கும்வரை காத்திராமல், அரைக் கோப்பையாவது குடிக்கக் கொடுங்கள். மாலைக்குப் பிறகு சாயம் கூடிய தேத்தண்ணியைக் குறைக்கலாம்.

தூங்கவில்லை என்பதற்காக அயலவரின் தூக்க மாத்திரையையோ, தடிமனுக்கு (சளிக்கு) கொடுக்கும் குளோர்பெனிரமின் போன்ற தூக்கம் வரவைக்கும் மாத்திரையையோ கொடுக்காதீர்கள். அவை இந்த நோயாளிகளின் குழப்பத்தைக் கூட்டும், விழவும் வைக்கும். ஆர்ப்பாட்டத்தை அடக்க எழுதப்படும் சில மனநோய் மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுபவை என்பதால் மருத்துவர் சொன்ன அளவுக்கும் காலத்துக்கும் மேல் தொடரக்கூடாது. திடீரென்று ஒரு பக்கம் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, விழுந்து எழ முடியாவிட்டாலோ, எழுப்ப முடியாதபடி சோர்ந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பாதை அடைபட்டிருந்தால் அம்புலன்ஸ் எந்த இடம் வரை வர முடியும் என்று கேட்டு, அதுவரை தோட்ட லொறியிலோ தோளிலோ கொண்டுபோக ஆள் சேருங்கள்.

மருந்து தீர்ந்துபோவதைத் தடுக்க மே மாதத்துத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னரும், மண்சரிவு அதிகம் வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு முன்னரும் இரண்டு வாரத்துக்கு மேலதிக மருந்து தர முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் புதைந்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளைத் துண்டித்ததும் அந்தப் பருவத்தில்தான். கிளினிக் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்துத் தம்பிக்கும் அனுப்பி வையுங்கள். கொப்பி நனைந்தாலும் மருந்தின் பெயர் அவரிடம் இருக்கும். இரத்த அழுத்தம், சீனி (நீரிழிவு) ஆகியவற்றுக்கான மருந்தை ஒருநாளும் தானாக நிறுத்த வேண்டாம். டொனெப்பெசில் போன்ற ஞாபக மருந்து பல நாட்கள் தவறிப்போனால், விட்ட இடத்திலிருந்து பழைய அளவில் தொடங்காமல் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கை வந்து பாடசாலைக்கு இடம்பெயரச் சொன்னால், அம்மாவுக்காகத் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அவருடைய கம்பளி, தலையணை, தினமும் குடிக்கும் கோப்பை மூன்றும் கட்டாயம் கூடப் போகட்டும். மண்டபத்தின் நடுவே வேண்டாம். சுவரோரமாக, மலசலகூடத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் கிராம சேவகரிடம் கேட்டு வாங்குங்கள். நோயைச் சொல்லிக் கேட்டால்தான் கொடுப்பார்கள். மறைத்தால் இரவு இரண்டு மணிக்கு அம்மா கூச்சலிடும்போது மண்டபமே உங்களைத் திட்டும்.

இதுவரை அம்மாவைப் பற்றி எழுதினேன். உங்களைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி: "ஒரு நாள் கையை ஓங்கிவிட்டேன்." இரவில் மூன்று மணி நேரம் தூங்கி, பகலில் கொழுந்து பறித்து, திரும்பி வந்து அடுப்பு மூட்டுபவருக்குக் கை ஓங்கும். அது உங்கள் குணத்தின் குறை அல்ல, உங்களுக்கு மாற்று ஆள் இல்லாததன் அடையாளம். அந்தக் கணத்தில் அம்மா ஆபத்தில்லாமல் உட்கார்ந்திருந்தால், எதுவும் பேசாமல் இஸ்தோப்புக்கு வந்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். திரும்பிப் போகும்போது சண்டை அவருக்கு நினைவிருக்காது. ஆனால் மனத்தில் பயம் மட்டும் தங்கியிருக்கும் என்பதால் முதலில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுகை நிற்காத, சாகலாம் போலத் தோன்றும் நாட்களில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். நோயாளிக்கு மட்டுமானது அல்ல அது.

ஆனால் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும். "முடிந்தால் உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் வரமாட்டார்கள். அடுத்த காம்பரா அக்காவிடம் "செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு வந்து அம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டிருங்கள்" என்று கேளுங்கள். அம்மாவோடு ஒரே நிரையில் வேலை செய்த ஓய்வு பெற்ற பெண்கள் லயத்தில் இருப்பார்கள். அவர்களுக்கும் பகல் நீளமானதுதான், பழைய கதையும் ஒன்றுதான். மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் காசு சேர்த்துச் செத்த வீட்டுக்கு முழு லயமும் ஓடி வரும் நம் ஊரில், உயிரோடிருப்பவருக்கு ஒரு மணி நேரம் முறை வைக்க முடியாது என்று நான் நம்பவில்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்திலோ மாதர் சங்கத்திலோ அம்மாவின் நோயை அதன் பெயரால் நீங்களே சொல்லிவிடுங்கள். காசைத் திருடிவிட்டார்கள் என்று அவர் சொன்னது நோய் சொன்னது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

தம்பியின் யோசனையில் நல்ல மனம் இருக்கிறது, ஆனால் நான் அதற்கு உடன்படவில்லை. பழகிய இடமே அம்மாவுக்குப் பாதி ஞாபகம். கொழும்பின் மாடி அறையில் கழிப்பறை எங்கே என்றே தெரியாமல், மொழி புரியாத வாசலில் அவர் இன்னும் மோசமாகக் கலங்குவார். போய்த்தான் ஆக வேண்டுமானால் அது நெருக்கடி நேரத்தில் நடக்கக்கூடாது. தம்பி செய்ய வேண்டியவை வேறு. மழை நாட்களில் நீங்கள் வேலைக்குப் போகாமல் இழக்கும் சம்பளத்தை அவர் தரட்டும். தினமும் ஏழு மணிக்கு அழைத்து, அம்மாவிடம் "நான் யார் தெரியுதா?" என்று பரீட்சை வைக்காமல், "அம்மா, நான் உங்க மகன் பேசுறேன்" என்று தொடங்கட்டும். சமிக்ஞை கிடைக்காத நாளுக்காகத் தன் குரலில் ஒரு பாட்டையோ திருநீறு பூசச் சொல்லும் இரண்டு வார்த்தையையோ பதிவுசெய்து அனுப்பட்டும். கொழும்பில் இருக்கும் லங்கா அல்சைமர் நிறுவனத்துக்கு நேரில் போய் ஆலோசனை கேட்டு வருவதும் அவரால் முடிந்த காரியம்.

அடுத்த கிளினிக் திகதிக்குக் கொப்பியை மட்டும் கொண்டுபோய் மருந்து எடுத்து வராமல் அம்மாவையும் கூட்டிப் போங்கள். அழுத்தம், சீனி, தைரொயிட், பி12 விற்றமின் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் வெண்படலம் இருக்கிறதா, காது கேட்கிறதா என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் இவற்றில் எது குறைந்தாலும் குழப்பம் கூடும். அந்தப் பதினொரு நாட்களில் எந்த நாளில் என்ன நடந்தது, எவ்வளவு குடித்தார், எப்போது மாத்திரை தீர்ந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், வரிசையில் நின்று கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் மருத்துவருக்கு அது பெரிய உதவி. கை ஓங்கிய நாளையும் அதில் எழுதுங்கள்.